இனயத்துச் சாமியாரின் உடம்பு

ராகேலுக்குத் தம்பி மேல் இருந்த கோபம் அவர் செத்த அன்றும் தீரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து இனயம் கோயில் முற்றத்தில் நின்றபோது சாவு மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கூடப்பிறந்த அக்காள் மட்டும் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, மீன் ஏலம் பார்க்க வந்தவளைப் போல ஒதுங்கி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் தோளைப் பிடித்து, "அழுதிரு அக்கா, இல்லேன்னா நெஞ்சடைச்சுப் போவும்" என்றாள். அழுகை வராமல் இல்லை. ஆனால் அழுவதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் அவர் கேட்டு, அவள் சொல்லாமல் இழுத்தடித்த பதில். பொழுது சாய்வதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும்.

அது என்ன என்பதை ஒளித்து வைத்துக் கதை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அந்தத் தம்பி, ஃபாதர் செல்வதாஸ், தம் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார், மாணவர்கள் கீறிப் படிப்பதற்காக. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இறந்த பிறகு நெருங்கிய உறவில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள். அவருக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாமியார் என்பதால் பெண்டு பிள்ளை கிடையாது. மிச்சம் இருந்தது ராகேல் ஒருத்திதான். அந்த ராகேலுக்கு வேண்டியதோ ஒரு கல்லறை. தம்பியை ஊர் மண்ணில் வைக்க வேண்டும், தலைமாட்டில் நின்று ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அவளுடைய புருஷனுக்குக் கல்லறை இல்லை. தம்பிக்காவது இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

செல்வதாஸ் சாமியாரை ஊரில் தெரியாதவர் இல்லை. மறைமாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் பூசை, பகலில் வகுப்பு, விடுமுறையில் ஊருக்கு வந்தால் கரையில் குந்தியிருந்து செத்த மீனின் வாயைத் திறந்து பார்ப்பது. மீன்களின் செவுளிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஒருவகைப் பேன்தான் அவருடைய ஆராய்ச்சி. அதில் ஒரு சாதி மீனின் நாக்கையே தின்றுவிட்டு, நாக்கு இருந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துகொள்ளுமாம். இதை அவர் பிரசங்கத்தில்கூட ஒருமுறை சொல்லிவிட்டார். புறணி பேசுகிறவர்களைப் பற்றிய பிரசங்கம் அது. அன்றைக்கு மத்தியானம் பல வீடுகளில் மீன் குழம்பு இறங்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? 'பேன் சாமியார்' என்று பேர் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். மீன்காரிகளுக்கு அவர் ஒரு தலைவலி. கையில் சிறு இடுக்கியும் பேனைப் போட்டு வைக்கச் சாராயக் குப்பியுமாக அவர் வருவதைத் தூரத்தில் கண்டாலே கூடையை மூடுவார்கள். "எனக்க மீனுக்குப் பேன் பாக்காண்டாம் சாமி, வாங்க வந்தவ ஓடிருவா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து, விலை போகாமல் ஒதுக்கின மீனாகப் பார்த்து உட்காருவார். கடற்கரையில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத வயிறு அவருக்கு. வள்ளத்தில் ஏறினால் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுப்பார். அதனால் ஆழ்கடல் மீன் வேண்டுமென்றால் அக்காள் புருஷன் கிளீட்டஸ் கொண்டு வந்து கொடுத்தால்தான் உண்டு. கிளீட்டஸும் விநோதமாக எது வலையில் சிக்கினாலும் ஐஸ் போட்டுப் பொதிந்து, "இது மச்சானுக்கு" என்று தனியே வைத்துவிடுவான்.

ராகேல் பக்கத்து ஊரான கருங்கலின் சந்தையில் மீன் விற்கிறவள். அம்மா நேரத்தோடு போய்விட்டதால் தம்பியை இடுப்பில் சுமந்தே வளர்ந்தவள். குருமடத்தில் அவனைக் கொண்டு விட்ட அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதவள், பிறகு அவன் குருப்பட்டம் வாங்கிய நாளில் அதைவிடக் கூடுதலாக அழுதாள். அவர் படித்து முடித்து ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கியபோது அவள் அழவில்லை. சந்தையில் பெருமை பேசத் தொடங்கினாள்.

பெருமை பேச அவளுக்குச் சரக்கு கொடுத்ததும் தம்பிதான். அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உலகத்துச் சாமியார்களின் கதையெல்லாம் சொல்வார். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, அப்பன் ஆத்தாள் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு சாமியார். இந்த அண்டமெல்லாம் ஒரு பொடிப் புள்ளியில் இருந்து விரிந்து வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவரும் ஒரு சாமியார். மணிலாவில் சேசு சபைச் சாமியார்கள் காற்றையும் மேகத்தையும் அளந்து, சூறாவளி வருமுன் துறைமுகத்துக்குச் சொல்லி அனுப்பி உயிர்களைக் காப்பாற்றினார்கள். இப்போதும் பிரேசிலிலும் பிலிப்பைன்சிலும் பூசையும் வைத்துப் பூச்சியும் பார்க்கிற சாமியார்கள் இருக்கிறார்கள். அவர்கள் செல்வதாஸுக்குச் சின்னச் சின்னக் குப்பிகளில் பேன் அனுப்புவார்கள், இவர் பதிலுக்கு இனயத்துப் பேன் அனுப்புவார்.

இதையெல்லாம் ராகேல் கருங்கல் சந்தையில் உப்பும் புளியும் சேர்த்து விற்றாள். "இந்த ஒலகமே ஒரு பொட்டுல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சது ஆருன்னு நெனச்சியா? எங்க ஆளாக்கும்" என்பாள். அயிலை மீன் வாங்க வந்தவர்கள் அண்டசராசரத்தையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது.

கிளீட்டஸ் போன வள்ளம் திரும்பவில்லை. அவனோடு போனவர்களில் அடுத்த தெரு ரெஜிலாவின் புருஷனும் உண்டு. கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பையன். கரை முழுக்கப் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். செல்வதாஸ் கல்லூரியில் இருந்து ஓடி வந்து அக்காள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தார். ராகேல் கையை உதறினாள்.

"மணிலாவுல புயல முன்கூட்டியே சொன்ன சாமியாருங்க இருந்தாவன்னு பறஞ்சியே தாசு. இனயத்துலயும் ஒருத்தன் இருந்தானே, படிச்சவன். அவன் என்ன செய்தான்? பேனு பாத்தான்."

நியாயமில்லாத பேச்சு என்று அவளுக்கே தெரியும். புயல் சொல்வது பேன் ஆராய்கிறவன் வேலையா? ஆனால் அந்த நாளில் நியாயம் யாருக்கு வேண்டும்? செல்வதாஸ் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே இருந்தார். அந்த வார்த்தை அவருக்குள் ஆழமாகத் தைத்தது.

அடுத்து வந்த நாட்களில் வடக்கே கரை ஒதுங்கிய உடல்களை அடையாளம் காட்ட ஊர்க்காரர்கள் கேரளத்து ஆஸ்பத்திரிப் பிணவறைகளுக்கு அலைந்தார்கள். ராகேலும் தம்பியோடு போனாள். செல்வதாஸ் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தாம் மட்டும் போனார். கடலில் ஊறிய உடம்புக்கு முகம் இருக்காது. பல்லையும் நகத்தையும் எலும்பின் நீளத்தையும் பார்த்துத்தான் ஆள் யாரென்று ஊகிக்க வேண்டும். மீனைக் கீறிக் கீறிப் பழகிய அந்தக் கண்களால் அவர் ஒவ்வொரு உடம்பாகப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, "இல்லக்கா" என்று மட்டும் சொன்னார். பஹ்ரைனில் வேலை பார்த்த அவள் மகன் வந்து மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தான். எதனோடும் பொருந்தவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ராகேல் அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம் கேட்டாள், ஆரும் தேடி வராத உடம்பை என்ன செய்வார்கள் என்று. அவர் அவள் யாரென்று தெரியாமல், "அடக்கம் செய்வாங்க, இல்லேன்னா படிக்கிற பிள்ளைகளுக்குக் குடுப்பாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. கடலில் ஊறிய உடம்பு படிப்புக்கு உதவாது, அதை மேசைக்கு எடுக்கமாட்டார்கள் என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். மூளையில் ஏறியது. நெஞ்சில் ஏறவில்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மேசையில், பேர் தெரியாமல் கிளீட்டஸ் கிடக்கிறான் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். சோறு உண்ணும்போது தோன்றினால் அப்படியே கை கழுவிவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் மறு வருடம் செல்வதாஸ் வந்து, தம் உடம்பை அப்படியொரு மேசைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

ராகேல் முதலில் கேலி என்று நினைத்தாள். அவர் பலகையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் இத்தன வருசமா தவளையையும் மீனையும் கீறிப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சேன். ஒண்ணுட்டயும் சம்மதம் கேக்கல. அதுகளுக்குப் பறையத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால எனக்குள்ள சம்மதத்த நானே எழுதிக் குடுத்தாச்சு."

"உனக்குக் கிறுக்காலே பிடிச்சிருக்கு?"

"கேளுக்கா. அந்த மேசையில கெடக்கது அதிகமும் கேக்க ஆளில்லாதவன். ரோட்டுல செத்தவன், ஆசுபத்திரி வராந்தாவுல செத்தவன். அவன்ட்ட ஆரு சம்மதம் கேட்டா? அவன வச்சுப் படிச்சுத்தான் டாக்டருங்க எல்லாரும் டாக்டரானாவ. அழ ஆளுள்ளவன் ஒருத்தனாவது அங்க போயிக் கெடக்கண்டாமா?"

ராகேலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், சும்மா விடுவாளா? "அப்பம் கடைசி நாள்ல எல்லாரும் எழும்பி வரும்போ உனக்கு உடம்பு வேண்டாமா?" என்று மடக்கினாள்.

செல்வதாஸ் வகுப்பில் மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வேகத்தில் சொல்லிவிட்டார்: "மீனுக்கு எரையாப் போனவனையே எழுப்பத் தெரிஞ்ச ஆண்டவருக்கு, டாக்டரு பிள்ளையளு கீறினவன ஒட்டிச் சேக்கத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராகேல் ஆய்ந்த மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் வெளியே நின்று, "அக்கா, அக்கா" என்று வெகுநேரம் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வாங்கவே இல்லை. சந்தையில் மீன் விற்றாள், வாயில் வைக்கவில்லை.

பல மாதங்கள் தம்பியோடு பேசாமல் இருந்தாள். பிறகு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. மகனைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, கோயில் திருவிழாவைப் பற்றி. அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒவ்வொரு முறை விடைபெறும்போதும் செல்வதாஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்: "அக்கா சம்மதிச்சாத்தான் உண்டு. உனக்கு மனசில்லேன்னா என்னைய இங்கயே கெடத்திரு. நான் கோவிக்கமாட்டேன்." ராகேல் அவர் முகத்தைப் பார்க்காமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்பாள்.

சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம்மில் பலரும் இப்படித்தான். கடினமான பதிலை நாளைக்கு என்று தள்ளி வைப்போம், கேட்டவர் என்றைக்கும் இருப்பார் என்ற நினைப்பில். செல்வதாஸ் ஒருநாள் காலைப் பூசைக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

இந்தச் சங்கதி எதையும் ராகேல் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அதனால் ஒரு தவறு நடந்துபோயிற்று. இனயத்தில் சாவு மணி அடித்தால் முதல் வேலை குழி வெட்டுவது. அதற்கு யாரையும் ஏவ வேண்டியதில்லை. செத்தவரின் தெருப் பையன்கள் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மணல் பூமி, வெட்ட வெட்டச் சரியும். பலகை கொடுத்து நிறுத்தி நிறுத்தித்தான் ஆழம் எடுக்க வேண்டும். சாமியார்களை வைக்கிற பெரிய சிலுவைக்கு அருகில், அன்றைக்கு அவர்கள் பாடுபட்டு நல்ல லட்சணமாக ஒரு குழி எடுத்து வைத்திருந்தார்கள். வெட்டின குழியை ஆளில்லாமல் மூடக்கூடாது, மூடினால் அது வேறொரு ஆளைக் கேட்கும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. கடலுக்குப் போகிற ஊரில் இப்படிப்பட்ட நம்பிக்கையை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

பங்குச் சாமியார் சஜின் வயதில் சிறியவர், செல்வதாஸிடம் படித்தவர். விஷயம் தெரிந்த ஒரே ஆள். அவர் கையில் ஃபோனோடு ராகேலைத் தேடி வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, மெடிக்கல் காலேஜுல இருந்து விளிச்சாவ. வண்டி வரணும்னா இப்பமே சொல்லணும். தாமதிச்சா உடம்பு அவங்களுக்கு உதவாது. ஆயர்ட்டயும் பறஞ்சேன். அம்மா என்ன சொல்லுதாங்களோ அப்பிடிச் செய்யுங்கன்னாரு."

"குழி வெட்டியாச்சில்லா சாமி?" என்றாள் ராகேல். "அடக்கம் நடத்துங்க."

சஜின் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ராகேல் அழுதுகொண்டிருந்த கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். குழியைப் பார்த்தாள். பலகைகளுக்கு நடுவே ஈர மணல் நேர்த்தியாக இறங்கியிருந்தது. எந்தப் பக்கம் தலை வரும், எங்கே நின்று மெழுகுதிரி வைக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டாள். கோயில் சுவர் காற்றை மறைக்கும், திரி அணையாது. அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காக வெட்கமும் வந்தது. தம்பி செத்த நாளில் இப்படியொரு நிம்மதியா?

திரும்பி வந்தபோது உடம்பைக் கோயிலுக்குள் வைத்திருந்தார்கள். பூசை உடுப்பு அணிவித்திருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மக்கள் வரிசையாக வந்து அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ராகேல் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வரிசையில் ரெஜிலா வந்தாள். ஒக்கி கொண்டுபோன பையனின் பெண்டாட்டி. அவள் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகரவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்து சாமியாரின் இரண்டு பாதங்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகத்தை அதில் வைத்து அழத் தொடங்கினாள். சாமியாருக்காக அழுகிற அழுகை இல்லை அது. அவள் சொல்லி அழுத பேர் அவளுடைய புருஷன் பேர். இத்தனை வருடங்களாக வெளியே வராமல் கிடந்தது மொத்தமும் வந்தது. யாரோ அவளைத் தூக்க வந்தார்கள். ரெஜிலா நிமிர்ந்து ராகேலைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு அவருக்க காலப் பிடிச்சு அழக் கெடைக்கல. இவருக்க கால நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிடட்டா?"

ராகேல் தலையை அசைத்தாள். ரெஜிலா அழுது ஓய்ந்து எழுந்தபோது, பின்னால் இன்னொரு பெண் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆள் திரும்பவில்லை. அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. கடல் திருப்பித் தராதவர்களின் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, மீன்பேன் பார்த்த சாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு தங்கள் தங்கள் ஆளுக்காக அழுதார்கள். செத்தவர் யாருக்கும் காலை இல்லையென்று சொல்லவில்லை.

ராகேல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தனக்கு என்ன வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டவர்த்தனமாக விளங்கியது. தம்பியின் குழியில் அவள் புதைக்க நினைத்தது தம்பியை இல்லை. கிளீட்டஸை. தம்பியைப் புதைத்தால் அது தம்பியின் கல்லறையாகத்தான் இருக்கும். எத்தனை திரி கொளுத்தினாலும் கிளீட்டஸ் அங்கே வரப்போவதில்லை. அதற்காக, எதைக் கேட்டும் பழக்கமில்லாத தம்பி கேட்ட ஒரே ஒன்றையும் மறுத்துவிட்டு நிற்கிறாள். கேட்டவரோ, மறுத்தால் கோவிக்கமாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்து குனிந்து தம்பியின் காதருகே வாயை வைத்தாள்.

"சரி தாசு. நீ போ" என்றாள்.

அதன் பிறகு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி பயந்ததைப்போல நெஞ்சு அடைக்கவில்லை. கோயில் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அழுதுகொண்டே கூட்டத்துக்குள் சஜின் சாமியாரைத் தேடிப் பிடித்து, "வண்டிய வரச் சொல்லுங்க" என்றாள்.

ஊருக்குத் தெரிந்தபோது சலசலப்பு எழுந்தது. சாமியாரைக் கொண்டுபோய் அறுக்கவா என்று சிலர் கொதித்தார்கள். அதைவிடப் பெரிய விசாரம் குழியைப் பற்றி. பங்குப் பேரவையில் இருந்த மூத்தவர் ஒருவர் முன்னால் வந்து நின்றார்.

"வெட்டின குழி வாயத் தொறந்து கெடக்கு ராகேலு. நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ள கடலுக்குப் போணும். ஆரு இதுக்குப் பொறுப்பு?"

"நான் பொறுப்பு" என்றாள் ராகேல். "அதுக்கு ஆளு வேணும்னா என்னையே வந்து கேக்கட்டும்."

சொன்னதோடு நில்லாமல், அடக்கத் திருப்பலி முடிந்து, மருத்துவக் கல்லூரி வண்டி தம்பியை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் மறைந்த கையோடு, நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் முதல் கூடை மணலைத் தானே அள்ளிப் போட்டாள். பையன்கள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. குழி யாரையும் கேட்கவில்லை. ராகேல் இப்போதும் கருங்கல் சந்தையில் உட்கார்ந்து, மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை வாய்நிறையத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். பேன் சாமியார் உயிரோடு இருந்திருந்தால் குழி ஆளைக் கேட்காததையும் ஒரு சோதனை முடிவாகக் குறித்து வைத்திருப்பார்.

மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்கள் சேர்ந்ததும், உடற்கூறு வகுப்பு தொடங்கும் முன்னால் அவர்கள் உறுதிமொழி எடுப்பது வழக்கம். தங்கள் முன் கிடக்கும் உடம்பை மரியாதையோடு நடத்துவோம், இதுவே எங்கள் முதல் ஆசிரியர் என்று. உடம்பைக் கொடுத்த குடும்பத்தார் யாராவது வர விரும்பினால் வரலாம் என்று கல்லூரியில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். சஜின் சாமியார் தயங்கித் தயங்கித்தான் ராகேலிடம் கேட்டார். அவள், "போவோம்" என்றாள்.

நீண்ட கூடம். கண்ணைக் கரிக்கும் மருந்து வாடை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி மூடிய உடம்பு. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சுவரோரம் நின்று உறுதிமொழி சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு பேராசிரியை ராகேலிடம் வந்து, "அம்மா, ஒரு தடவை பார்க்கணுமா? வேண்டாம்னாலும் சரிதான்" என்றார். ராகேல் பார்க்கிறேன் என்றாள். முதல் மேசையில் முகத்தின் மேல் கிடந்த துணியை விலக்கினார்கள். தலையை மழித்திருந்தார்கள். தோல் கறுத்து இறுகியிருந்தது. ஆனால் தம்பிதான். மூக்கு அப்பா மூக்கு.

"எளச்சுப்போனான்" என்றாள் ராகேல். நெற்றியில் சிலுவை போட்டாள். உதடு அசையச் செபம் சொன்னாள். பிறகு முகத்தைத் தானே மூடினாள்.

கிளம்பலாம் என்று சஜின் சாமியார் திரும்பினார். ராகேல் நகரவில்லை. மற்ற மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவுங்களுக்கெல்லாம் ஆரு வந்திருக்காவ?" என்று கேட்டாள்.

பேராசிரியை சொன்னார்: "யாரும் இல்லம்மா. உங்க தம்பி ஒருத்தர்தான் தானா எழுதிக் கொடுத்து வந்தவர். மத்தவங்க கேட்பாரில்லாதவங்க. பேர்கூட எங்களுக்குத் தெரியாது. நம்பர்தான்."

ராகேல் அடுத்த மேசைக்குப் போனாள். துணியின் மேல் கையை வைத்தாள். அந்த உடம்பின் நெஞ்சு இருக்கும் இடம் அது. மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடக்கத்தில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள், இந்த முறை குரல் எழுப்பி, பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்கும்படி. அந்தச் செபத்தில் இறந்தவரின் பேரைச் சொல்ல வேண்டிய ஓர் இடம் வரும். அங்கே வந்ததும் நின்றாள். சஜின் சாமியார் அவளைப் பார்த்தார். கடலில் ஊறிய உடம்பு இங்கே வராது என்று அவளுக்குத் தெரியும். தம்பி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"கிளீட்டஸ்" என்றாள். செபத்தை முடித்தாள். விலகியிருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள்.

அடுத்த மேசைக்குப் போனாள். அங்கேயும் கிளீட்டஸ் என்றாள். அதற்கடுத்த மேசையிலும் அப்படியே. அவசரப்படவில்லை. ஒவ்வொரு இடத்திலும் முழுச் செபத்தையும் சொன்னாள். மாணவர்கள் யாரும் அசையவில்லை. ஒரு பெண் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

கடைசி மேசையில் கிடந்தது ஒரு பெண் என்று பேராசிரியை மெல்லச் சொன்னார். ராகேல் அந்தத் துணியின் மேல் கையை வைத்துச் செபத்தைத் தொடங்கினாள். பேர் சொல்லும் இடம் வந்தது. அங்கே கிளீட்டஸ் என்று சொல்ல முடியாது. தன்னுடைய பேரைச் சொன்னாள்.